கைவிடும் நிறுவனமும் பணிச்சோர்வும்

பணிச்சோர்வு ஒரே நாளில் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்தால் போய்விடுவதும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் இதற்கும் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் நோய்களின் வரிசையில் இது சேர்க்கப்படவில்லை. பணியிடத்தில் நெடுநாள் நீடித்து, சரிவரக் கையாளப்படாமல் விடப்பட்ட நெருக்கடியின் விளைவு என்று வரையறுத்து, வேலை சார்ந்த நிகழ்வு என்ற தலைப்பின்கீழ் வைத்தார்கள். யார் சரிவரக் கையாளவில்லை என்பதை மட்டும் அந்த வரையறை சொல்லவில்லை. ஊழியரா, நிறுவனமா? மேடைக்கு வரவேண்டிய கேள்வி அதுதான்.

அடையாளங்கள் மூன்று. காலையில் கண் விழிக்கும்போதே உடம்பில் தெம்பு இல்லாமல் இருப்பது முதலாவது. வேலையின்மீதும், வேலையோடு வரும் மனிதர்கள்மீதும் ஏற்படும் கசப்பு இரண்டாவது. எதைச் செய்தாலும் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை என்ற எண்ணம் மூன்றாவது. இவற்றில் மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இரண்டாவதுதான். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த வங்கி ஊழியர் முகத்தை நிமிர்ந்து பாராமலே “அடுத்த கவுண்டருக்குப் போங்க” என்கிறார். நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்த செவிலியர் இப்போது படுக்கை எண்ணைச் சொல்கிறார். மேலதிகாரி பார்க்கிறார், “ஆட்டிட்யூட் சரியில்லை” என்று அப்ரைசலில் எழுதிவிடுகிறார். உதவி கிடைக்க வேண்டிய நேரத்தில் ரேட்டிங் குறைகிறது.

பணிச்சோர்வை முதலில் விரித்து எழுதியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் தன்னார்வலர்களோடு வேலை பார்த்தவர். 1974இல் வெளிவந்த கட்டுரையில் அவர் விவரித்தது வேலைக்கு டிமிக்கி கொடுப்பவர்களை அன்று. அதிகமாக ஈடுபட்டு, அதிகமாகக் கொடுத்தவர்களே முதலில் விழுந்தார்கள். அவரும் அதில் அடக்கம். பின்னர் கலிபோர்னியாவின் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 1981இல் இதை அளக்க ஒரு வினாத்தாள் தந்தார். மைக்கேல் லைட்டரோடு அவர் 1997இல் எழுதிய நூல், ஊழியரும் வேலையும் பொருந்தாமல் போகும் இடங்கள் ஆறு என்றது: வேலைப்பளு, தன் வேலையில் தனக்குள்ள உரிமை, கைம்மாறு, சக ஊழியர் உறவு, நியாயம், மதிப்பீடுகள்.

வேலைப்பளு அந்த ஆறில் ஒன்றுதான். எட்டு மணி நேரத்தில் முடியும் வேலையிலும் சோர்ந்து போகிறவர்கள் இருப்பது இதனால்தான். பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் மைக்கேல் மார்மட் குழுவினர் நடத்திய வைட்ஹால் ஆய்வுகள் இதற்கு வலுவான சான்று. பொறுப்புச் சுமக்கும் பெரிய அதிகாரிக்குத்தான் இதயம் கெடும் என்று ஊர் நம்பியது. ஆய்வில் கண்டது நேர்மாறு: பதவி இறங்க இறங்க இதயநோய் ஏறியது. தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்று தானே முடிவு செய்ய முடியாத நிலை அதற்கு ஒரு முக்கியக் காரணமாக இருந்தது.

பளு பொருட்டில்லை என்று இதற்குப் பொருளாகாது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு அதிகம். “இறைத்த கிணறு ஊறும்” என்ற பழமொழி முதலாளிமார்களுக்கு மிகவும் பிடித்தது. மோட்டாரை இராப்பகலாக ஓடவிட்டால் கிணறு என்ன ஆகும் என்பதை எந்த விவசாயியும் சொல்வார்.

ஆதரவற்ற நிறுவனம் எப்போதும் அதட்டுவதில்லை. “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்று சொல்லிக்கொண்டே லீவு விண்ணப்பத்தைக் கிடப்பில் போடும். ஆள் போன இடத்தில் ஆள் எடுக்காமல், மீதமிருப்பவர் தலையில் அந்த வேலையையும் கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை யோகா வகுப்பு வைக்கும். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்ஆப்பில் டார்கெட் கேட்பதை நிறுத்தாது. யோகாவில் குறையில்லை. கூரை ஒழுகும் வீட்டில் இருப்பவருக்கு நீச்சல் கற்றுத்தரும் தந்திரமாக அது பயன்படும்போதுதான் கோபம் வருகிறது.

இந்த ஆதரவின்மை எந்த எல்லைவரை போகும் என்பதற்கு பிரான்ஸ் டெலிகாம் சாட்சி. 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த நிறுவனம் 22,000 பேரைக் குறைக்க முடிவு செய்தது. ஊழியர்களில் பெரும்பாலோர் அரசுப் பணியாளர் தகுதி உடையவர்கள். எளிதில் நீக்க முடியாது. ஆகவே அவர்களே விலகிப்போகும்படி பந்தாடினார்கள்: ஊர் மாற்றம், பதவி மாற்றம், எட்ட முடியாத இலக்கு. நீதிமன்றம் ஆராய்ந்த 39 பேரில் 19 பேர் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள். 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் நிறுவனத்தையும் அதன் முன்னாள் தலைவர் திதியே லொம்பாரையும் குற்றவாளிகள் என்றது. குற்றத்தின் பெயர் கவனிக்கத்தக்கது: நிறுவனமே கொள்கையாக நடத்திய மனத் துன்புறுத்தல். ஒரு கெட்ட மேலாளரின் குணக்கேடு என்று சொல்லித் தப்பிக்கும் வழி அந்தத் தீர்ப்போடு அடைபட்டது.

ஊழியரின் ஓய்வு பற்றிய பேச்சு தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சிதம்பரனார், சுப்பிரமணிய சிவா துணையோடு வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டது வார விடுமுறை. இரண்டையும் பெற்றார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 2021இல், கடைகளில் நாள் முழுக்க நிற்கும் ஊழியருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. துணிக்கடையில் கால் வீங்க நின்ற பெண்களுக்கு ஒரு நாற்காலி கிடைக்க அத்தனை காலம் ஆகியிருக்கிறது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார்.

ஆனால் சங்கம் இல்லாத அலுவலகத்தில், வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் நாளை காலை என்ன செய்வார்? முதலில் உடம்பு. தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடத்து, காரணமின்றி அழுகை வந்தால் மருத்துவரைப் பார்ப்பது முதல் வேலை. மனச்சோர்வு நோயும் பணிச்சோர்வும் வெளியில் ஒன்றுபோலவே தெரியும், மருத்துவரால்தான் பிரித்தறிய முடியும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவருக்குத் தகுதி இருந்தால், மருத்துவச் சான்றின்பேரில் ஆண்டுக்கு 91 நாள்வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். உரிமையுள்ள பலர் இதைக் கேட்பதே இல்லை.

அடுத்தது எழுத்து. வாயால் சொன்ன வேலைக்குச் சாட்சி இல்லை. “நீங்கள் சொன்ன மூன்று வேலைகளில் இந்த வாரம் இரண்டு முடியும், எதை முதலில் முடிக்கட்டும்?” என்று கேட்கும் ஒரு மெயில், மறுப்பாகவும் தோன்றாது, பளுவையும் பதிவு செய்துவிடும். எத்தனை மணிக்கு வந்தோம், எப்போது கிளம்பினோம், எந்த லீவு மறுக்கப்பட்டது என்பதைச் சொந்த நோட்டில் தேதி போட்டு எழுதுவது நல்லது. எச்.ஆர். என்பது நிறுவனத்தின் துறை; அதை மறக்காமல் அங்கே போகவேண்டும். தனியாகப் போவதைவிட, அதே குறையுள்ள நால்வர் சேர்ந்து போவது பாதுகாப்பு.

இவ்வளவும் செய்து ஆறு மாதம் போயும் அசைவில்லை என்றால், அந்த வேலையை விட்டு விலகுவதைத் தோல்வியாகக் கருதத் தேவையில்லை. கோபத்தில் பேப்பர் போடுவது மட்டும் வேண்டாம். சில மாதச் செலவுக்குப் பணம், நோட்டீஸ் காலம், பி.எஃப்., ரிலீவிங் லெட்டர், பணிக்கொடைக்கான தொடர்பணிக் கணக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போகவேண்டும். முடிந்தால் இரு வேலைகளுக்கு நடுவே சில வாரம் இடைவெளி விடுவது நல்லது; பழைய களைப்போடு புதிய மேசையில் உட்கார்ந்தவர் முதல் டெட்லைனிலேயே தடுமாறுவார். புதிய இடத்தில் நேர்காணல் முடியும்போது “ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். சம்பளத்துக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த இடத்தில் இதற்குமுன் இருந்தவர் எத்தனை நாள் இருந்தார், ஏன் போனார்?