பழைய கிட்டங்கியில் புதுக் குடித்தனம்

மும்பையிலும் கொல்கத்தாவிலும் துறைமுகத்தை அடுத்து வாழும் நம்மவர்க்குக் கிட்டங்கி புதிதன்று. ‘கோடவுன்’ என்று நாடெங்கும் வழங்கும் சொல்லே, நம் ‘கிடங்கு’ மலாய் நாடு சென்று மீண்ட உருவம் என்பது மொழியறிஞர் சிலரின் கருத்து. எஃகுப் பெட்டிகளில் சரக்கை அடைத்துக் கப்பலேற்றும் முறை பரவியபின், உலகத் துறைமுகங்கள் பலவற்றில் இக்கட்டிடங்கள் வெறுமையாயின. லண்டன் தேம்ஸ் நதிக்கரையில் 1870இல் எழுந்த ஆலிவர்ஸ் வார்ஃப் 1972இல் குடியிருப்பாக மாற்றப்பட்டது. இத்தகைய வீட்டை நம்மில் ஒருவர் வாங்க நேரிட்டால் எதைக் கவனிப்பது?

பொறியாளர் முதலில் பார்ப்பது பாரத்தை. ‘டெட் லோட்’, ‘லைவ் லோட்’ என்பவற்றைச் செத்த பாரம், உயிருள்ள பாரம் என்று பெயர்த்தால் நகைப்புக்கு இடமாகும்; நிலைப்பாரம், நடமாடும் பாரம் எனக் கொள்வோம். இன்றைய இந்தியத் தர விதிப்படி, குடியிருப்பு அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ நடமாடும் பாரத்தைத் தாங்கினால் போதும். பொதுச் சரக்குக் கிட்டங்கிக்கோ குறைந்தது 750 கிலோ. மூட்டை தாங்கிய தளம் மனிதரைத் தாங்காதா என்று தோன்றும். தாங்கும், ஆனால் மூட்டைகள் பரவிக் கிடந்தவை. வீடாக்கும்போது எழுப்பும் நாலரை அங்குலச் செங்கற்சுவர், மூன்று மீட்டர் உயரமாயின், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறக்குறைய 700 கிலோ எடையை ஒரே கோட்டில் இறக்குகிறது. குளியலறைத் தரையை உயர்த்தக் கொட்டும் செங்கல் ஜல்லியும், மாடிமேல் ஆயிரம் லிட்டர் தொட்டி ஏற்றும் ஒரு டன் நீரும் வேறு. ஆதலால் உட்சுவர்களை இலேசான பலகைகளால் தடுப்பதே உசிதம்.

அடுத்தது இரும்பு. பழைய வார்ப்பிரும்புத் தூண் அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுப்பிலும் வளைவிலும் முன்னறிவிப்பின்றி மண்பானைபோல் முறியும். தீயில் காய்ந்த நிலையில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் காணவும் கூடும். வீடாகும் கட்டிடத்தில் அதற்குத் தீக்காப்புப் பூச்சோ உறையோ இன்றியமையாதது.

இரும்பு உத்தரங்களுக்கிடையே சிறு செங்கல் வளைவுகளை அடுக்கிய தளங்களும் உண்டு. ஒவ்வொரு வளைவும் பக்கவாட்டில் உந்தும். அண்டை வளைவு எதிருந்தும். ஓரத்தில் இரும்புக் கம்பி பிணைக்கும். மின்தூக்கிக்காக நடுவே ஒன்றை வெட்டினால் அண்டை வளைவு ஆதரவிழக்கும். முதலில் எஃகுச் சட்டமிட்டுப் பிணைத்த பிறகே வெட்டவேண்டும். நம் ஊர் மெட்ராஸ் டெரசில் சங்கதி வேறு: அங்கே தேக்குக் கட்டைகளின் சுவருள் புதைந்த முனைகளில் கறையானும் ஈரமும் உண்டா என்று சோதிக்கவேண்டும்.

கிட்டங்கிக்குச் சன்னல்கள் குறைவு. வெளிச்சத்துக்காக நடுவே முற்றம் திறப்பது வழக்கம். ஆனால் தளங்கள்தாம் உயர்ந்த சுவரை நிமிர்த்திப் பிடிப்பவை. தளத்தை எடுத்தால் சுவர் தனியே நிற்கும். பூகம்பத்தில் அத்தகைய சுவர் வெளிப்புறமாகச் சாயும். ஆகவே, எஞ்சிய தளத்தை இரும்புப் பட்டைகளால் சுவரோடு கட்டவேண்டும்.

2017 ஜூலையில் மும்பை காட்கோபரில் ஒரு குடியிருப்பு இடிந்து 17 பேர் மாண்டனர். கீழ்த்தளத்து மாற்ற வேலையில் தூண்களில் கைவைத்ததே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அது கிட்டங்கியன்று, ஆயினும், கீழ்வீட்டார் எதை இடிக்கிறார் என்பது மேல்வீட்டாரின் உயிர்ப் பிரச்சினை என்பதை அது காட்டிற்று. எனவே பத்திரத்தோடு, கட்டமைப்புப் பொறியாளரின் கையொப்பமிட்ட அறிக்கையையும், எந்தச் சுவரில் எவரும் கைவைக்கலாகாது என்று குறித்த வரைபடத்தையும் கேட்டு வாங்குக. சுவரில் வெடிப்பு இருப்பின், அதன் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சாந்திட்டுப் பதித்துச் சில மாதம் கவனிப்பது பழைய வழக்கம். கண்ணாடி முறிந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள். முன்பணம் தரும் நாளைத் தள்ளிவைத்துப் பொறியாளரை அழைத்து வருக.