குருதி கூறும் குறிப்பு
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



யாம் மருத்துவர் அல்லோம், ரயில்வே குமாஸ்தா. ஆயினும் 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் கொரோனாவின் இரண்டாம் அலை எழுந்தபோது, நம் கார்டன் ரீச் காலனியில் இரத்தப் பரிசோதனைத் தாளை ஏந்தி, "இந்த எண் நல்லதா, கெட்டதா?" என எம்மை வினவியோர் பலர். எண் என்றால் குமாஸ்தாவுக்குத் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் நினைப்புப் போலும்! பின்னர் யாம் படித்தறிந்ததைக் கூறுகின்றோம்.

குருதியின் வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்னும் இருவகை முதன்மையானவை. நலமுடையார்க்கு முன்னது நூற்றுக்கு 60, பின்னது 30 எனின் விகிதம் 2. கொரோனா முற்றியோரிடம் முன்னது ஏறிப் பின்னது இறங்கக் கண்டனர். 80க்கு 10 எனின் விகிதம் 8, இது கவலைக்குரியது. இதனை அறியச் சாதாரண அணுக்கணக்கே போதும்.

மற்றொன்று சி.ஆர்.பி. என்னும் புரதம். 1930இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகத்தில் டில்லெட், பிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளரின் குருதியில் இதனைக் கண்டறிந்தனர். அழற்சி மூண்டால் கல்லீரல் சில மணி நேரத்திலேயே இதனை மிகுதியாகச் சுரக்கும்.

2020இல் பிரிட்டனில், மருத்துவமனை சேர்ந்த கொரோனா நோயாளருக்காக '4சி' என்னும் மதிப்பெண் முறை வகுத்தனர். அதன் எட்டுக் கூறுகளில் குருதியிலிருந்து பெறுவன யூரியா, சி.ஆர்.பி. இரண்டே. ஏனையவை வயது, பால், பிற நோய்கள், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, நினைவுத் தெளிவு என்பன. ஆறு கூறுகளுக்கு ஊசியே வேண்டா என்பதை அன்பர்கள் ஊன்றி நோக்குக.

அந்நாளில் தாளிலுள்ள எண்ணைக் கண்டு அஞ்சி, மூச்சுத் திணறல் இல்லாதோரும் ஸ்டீராய்டு விழுங்கினர். டெக்சாமெத்தசோன் ஆக்சிஜன் தேவைப்பட்டோர்க்கே பயன் தந்தது என 2020இலேயே பிரிட்டனின் ரெகவரி ஆய்வு காட்டியிருந்தது. லேசான நோய்க்கு இப்பரிசோதனைகளை ஓயாது செய்தல் வேண்டா என, அப்போது டில்லி எய்ம்ஸ் இயக்குநராயிருந்த டாக்டர் ரன்தீப் குலேரியாவும் 2021 மே மாதத்தில் எச்சரித்தார். இதில் விந்தை யாதெனில், ஸ்டீராய்டும் நியூட்ரோஃபிலை ஏற்றி லிம்ஃபோசைட்டை இறக்கும்! மருந்தால் ஏறிய விகிதத்தை நோயால் ஏறியதென மயங்கி, மேலும் மருந்துண்போர் நிலை என்னாவது?

பரிசோதனையே வேண்டா என்கிறோம் அல்லோம். முதியோர், நீரிழிவுடையோர், காய்ச்சல் ஐந்து நாளுக்கு மேல் தணியாதோர் மருத்துவரைக் கண்டு, அவர் சொற்படி குருதி கொடுக்கலாம். தாளைப் படித்துப் பொருள் சொல்வதும் அவரே ஆகுக; குமாஸ்தா அல்லன். ஆனால் விரல்நுனிக் கருவி 93 அல்லது அதற்கும் கீழ் காட்டினாலோ, மூச்சு நிமிடத்திற்கு 24ஐ எட்டினாலோ, தாளுக்குக் காத்திராது அக்கணமே மருத்துவமனைக்குப் புறப்படுக.