கந்தகத்துக்கு யார் காசு கொடுப்பது?

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக்குரிய பெரியவர் முந்திரி வணிகர். அவரை இரண்டு முறை சந்தித்திருக்கிறேன். இரண்டு முறையும் அவர்தான் பேசினார். அவருக்கு என் அஞ்சலி. விஷயத்துக்கு வருகிறேன்.

நலிந்த முந்திரித் தொழிலைச் சட்டம் போட்டுத் தூக்கி நிறுத்துவது பற்றி எனக்கும் துறை நண்பர்களுக்கும் உள்ள வழக்கு இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். உடைக்காத கொட்டையின் ஏற்றுமதிக்குத் தீர்வை போடலாமா கூடாதா என்பது அவர்கள் சண்டை. போட்டால் உள்நாட்டு ஆலை பிழைக்கும் என்பது ஒரு கட்சி. போட்டால் அது விவசாயியின் மடியிலிருந்துதான் போகும் என்பது மறு கட்சி. இரண்டுமே மொசாம்பிக்கைச் சாட்சிக்கு அழைக்கும். 1990களில் உலக வங்கியின் நெருக்குதலால் அங்கே தீர்வை இறங்கியது, ஆலைகள் மூடின, 1999இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி அதை 18 முதல் 22 விழுக்காடு என்று மறுபடி ஏற்றியது. இதை வைத்துக்கொண்டு இருபது வருஷமாக அடித்துக்கொள்கிறோம்.

நான் கேட்டது வேறு. வசூலான பணம் எங்கே போகிறது? ஒரு கருத்தரங்கில் இதைக் கேட்டபோது மூத்த நண்பர் ஒருவர், “அது கணக்குப்பிள்ளை கேள்வி” என்றார். அவை சிரித்தது. அவர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். கணக்குப்பிள்ளையின் சார்பில் தான்சானியாவின் கதையைச் சொல்கிறேன்.

தான்சானியாவின் முந்திரி, தெற்கே ம்ட்வாரா, லிண்டி வட்டாரங்களின் பயிர். 1973–74இல் அந்நாட்டில் 1,45,000 டன் விளைந்தது. பிறகு, சிதறிக் கிடந்த குடிகளை அரசு கூட்டுக் கிராமங்களுக்குப் பெயர்த்தது. மரம் ஓரிடம், மரத்துக்குரியவன் ஓரிடம் என்று ஆயிற்று. கொள்முதல் விலையும் சரியில்லை. போதாததற்குச் சாம்பல் நோய் வந்தது. பூங்கொத்தில் மாவு தூவியதுபோலப் படியும் பூசணம் அது. படிந்தால் பூ கருகும், கொட்டை பிடிக்காது. 1980களின் நடுவில் விளைச்சல் 20,000 டன்னுக்கும் கீழே போயிற்று.

மருந்து கண்டுபிடிக்க முடியாத நோய் அல்ல இது. கந்தகத் தூள் போதும். விடியற்காலையில், காற்று எழுமுன், இலையில் பனி ஈரம் காயுமுன், முதுகில் கட்டிய இயந்திரத்தால் ஊதவேண்டும். ஒருமுறை ஊதினால் போதாது. பூக்கும் பருவம் முழுதும் திரும்பத் திரும்ப ஊதவேண்டும். ஆனி தொடங்கி ஆவணி வரை என்று நம் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில்தான் விவசாயியின் கையில் காசு இருக்காது.

2009ஆம் ஆண்டின் முந்திரித் தொழில் சட்டத்தையும் அதன் திருத்தத்தையும் இந்த இடத்தில்தான் படிக்கவேண்டும். உடைக்காத கொட்டைக்கு ஏற்றுமதி மதிப்பில் 15 விழுக்காடு, அல்லது டன்னுக்கு 160 டாலர், எது அதிகமோ அது தீர்வை. நண்பர்கள் இந்த 15இல் நின்றுவிடுவார்கள். அடுத்த வரி, வசூலில் 65 விழுக்காடு முந்திரித் தொழிலுக்கே திரும்பவேண்டும் என்றது. டன் 2,000 டாலருக்குப் போனால் தீர்வை 300 டாலர். அதில் 195 டாலர் ஆராய்ச்சிக்கும் கன்றுக்கும் கந்தகத்துக்கும். தீர்வை விவசாயியின் மடியிலிருந்து போகிறது என்பது சரி. ஆனால் கந்தகமாகத் திரும்பி வந்தது. 2017–18இல் விளைச்சல் 3 லட்சம் டன்னைத் தாண்டியது.

2018 ஜூனில் நிதிச் சட்டம் அந்த 65ஐ எடுத்து அரசின் பொதுக் கருவூலத்தில் சேர்த்தது. தென்மாவட்ட உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் போராடிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. தீர்வை விகிதத்தில் கால் விழுக்காடும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். நண்பர்களின் கணக்குப்படி அந்த ஆண்டு எதுவுமே நடக்கவில்லை! அந்நாட்டு நிதியாண்டு ஜூலை 1இல் பிறக்கிறது. முந்திரி பூக்கும் பருவமும் அதுதான்; கந்தகம் ஊதவேண்டிய நேரத்தில் அந்தப் பணம் நின்றது. அடுத்த அறுவடை ஏறத்தாழ இரண்டேகால் லட்சம் டன். கந்தகம் ஒன்றே காரணம் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் தற்செயல் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அறுவடைக்குப் பிறகு நடந்தது உலகறிந்த கூத்து. ஏலத்தில் விலை படியாததால் விவசாயிகள் விற்க மறுத்தார்கள். நவம்பரில் அதிபர் மகுஃபுலி கிலோ 3,300 ஷில்லிங் என்று விலை வைத்து, கொட்டையை அள்ள ராணுவத்தை அனுப்பினார். பத்திரிகைகள் ராணுவ லாரியைப் படம் பிடித்தன. ஐந்து மாதம் முன்பு சட்டத்தின் ஒரு பிரிவு காணாமற்போனதைப் படம் பிடிக்க முடியாதல்லவா?

நேரம் ஓடிவிட்டது. கேரளத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். 1981ஆம் ஆண்டுச் சட்டம் உடைக்காத கொட்டையை அரசே ஏகபோகமாக வாங்கும் என்றது. அந்த ஏகபோகத்துக்குத் தப்பி, கொட்டை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் போயிற்று. இந்திய அரசு உடைக்காத கொட்டைக்குப் போட்ட இறக்குமதித் தீர்வை 2016இல் 5 விழுக்காடு, 2018இல் 2.5. அந்தப் பணம் எந்த மரத்துக்குப் போயிற்று என்று யாராவது ஒரு மாணவர் தேடலாம்.

நம் தமிழ்நாட்டுக்கு வந்தால், 2025 வேளாண் நிதிநிலை அறிக்கை முந்திரி வாரியம் ஒன்றை 10 கோடி ரூபாயில் அறிவித்தது. அதற்கு ஆண்டுதோறும் நிலையான வருவாய் எந்தப் பிரிவின்கீழ் என்று முதலில் கேளுங்கள். 2011 தானே புயலில் விழுந்த பண்ருட்டி மரங்களுக்குப் பதில் எத்தனை விருத்தாசலம் ஒட்டுக்கன்றுகள் நின்றன, எவ்வளவு நிலம் வேறு பயிருக்குப் போயிற்று என்று ஊர் ஊராகக் கணக்கெடுக்கவேண்டும். முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசுவுக்கு யார் செலவில் மருந்து அடிக்கிறார்கள் என்பதும் கேட்கவேண்டியது. கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களை ஓட்டு எண்ணெய் அரிப்பது தனிச் சொற்பொழிவுக்குரியது; அடுத்த ஆண்டு பேச வருபவர் எடுத்துக்கொள்ளட்டும்.