நலம், நலமறிய ஆவல்

(பொன்விழாக் குடும்ப தினத்தில் ஆற்றிய உரை)





‘துன்பமும் குடும்ப உறவும்’ என்ற தலைப்பில் பேசப் பணித்திருக்கிறார்கள். நாம் வேறெங்கும் போக வேண்டாம். நம் வீடுகளையே பார்க்கலாம்.

நம் முன்னோரில் பெரும்பாலோர் சபுராளிகள். கடையநல்லூர்க்காரர்களில் பலர் குடும்பத்தோடு வந்து தஞ்சோங் பகார் பக்கம் குடியேறினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். மற்ற ஊர்களிலிருந்து ஆண்கள் மட்டும் கப்பலேறினார்கள். அவர்களுக்குக் குடும்பம் என்பது கடிதமும் மணியார்டரும்தான். அந்தக் கடிதங்கள் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கும். கடையில் நட்டம், உடம்பில் காய்ச்சல், வட்டிக்கு வாங்கிய கடன், எதுவும் அதில் இருக்காது. ஊரிலிருந்து வரும் பதிலும் அப்படித்தான். கவலைப்படக் கூடாதே என்ற பாசம்! அந்தப் பாசமே இருவரையும் அந்நியர்களாக வைத்திருந்தது என்பது நம் எண்ணம்.

1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. மூன்றரை ஆண்டுகள் கடிதமும் இல்லை, பணமும் இல்லை. இங்கே மரவள்ளிக் கிழங்கைத் தின்று காலம் தள்ளினார்கள். அங்கே கணவர் இருக்கிறாரா, மவுத்தாகிவிட்டாரா என்று தெரியாமலே பெண்கள் நகையை விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார்கள். போர் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் ஊருக்குப் போனவர்கள் பலர், சாவிக்கொத்தும் கணக்கும் மனைவி கையில் இருக்கக் கண்டார்கள். அதன் பிறகு அவளைக் கேட்காமல் நிலமும் வாங்கவில்லை, மகளுக்கு நிக்காஹும் பேசவில்லை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எல்லா வீடும் அப்படித் தேறிவிடவில்லை. இங்கேயே இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டவர்களும் உண்டு. விழா மேடை என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை.

2020 பிள்ளைகளுக்கே நினைவிருக்கும். மார்ச் 13 முதல் பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. ஏப்ரல் 7-ல் சர்க்கிட் பிரேக்கர் வந்தது. அந்த மாதக் கடைசியிலேயே நோன்பு. வீட்டுக் கூடத்தில் மேசை நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தராவீஹ் தொழுதோம். மகனுக்குக் கூடுதல் சூராக்கள் மனப்பாடமாக இருந்த வீட்டில் மகனே இமாம்; வாப்பா பின்னால் நின்றார். அந்த வாப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

வெளிநாட்டுப் பயணிகள் வராததால் நாணய மாற்றுக் கடைகளில் ஈயாடியது. நாள் முழுதும் வீட்டில் இருப்பவர் கவலையை எங்கே ஒளிப்பார்? கடைக்கு எவ்வளவு கடன் என்று சில மனைவிமார் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டறிந்தார்கள். சண்டையும் நடந்தது, இல்லையென்று சொல்லவில்லை. பிறகு இருவரும் உட்கார்ந்து செலவைக் குறைத்தார்கள். மகளின் சம்பளத்தில் வீடு நடந்தபோது வாப்பா சமையற்கட்டுக்குள் நுழைந்தார். இன்றும் சில வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ஆணம் அவர் கைவேலைதான்.

இந்த அரங்கில் மனைவி மக்களை ஊரில் விட்டு வந்து வேலை பார்க்கும் தம்பிமார்கள் இருக்கிறீர்கள். அந்த ஆண்டு உம்மாவின் ஜனாஸாவைக் கைப்பேசியில் பார்த்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். இன்றிரவு ஊருக்குப் பேசும்போது, “நல்லா இருக்கேன், சாப்பிட்டியா” என்பதோடு வைத்துவிடாதீர்கள். ஏஜெண்டுக்குக் கட்ட வேண்டிய பாக்கி எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். அந்தப் பக்கம் அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

வஸ்ஸலாம்.