மனசு விட்டுப் போச்சுன்னு யாரும் சொல்றதில்லை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதிலிருந்து)



இன்னைக்குச் சேமிப்பு, கடன் பற்றி நான் பேசப் போவதில்லை. மனத்தளர்ச்சி பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மனத்தளர்ச்சி என்றால் என்ன? ஆசைப்பட்டு ஒரு காரியத்தில் இறங்குகிறோம். அது நடக்காமல் போகிறது. 'இனிமே பண்ணி என்ன ஆகப் போவுது' என்று மனசு ஓய்ந்து விடுகிறது. அதுதான் மனத்தளர்ச்சி. வருத்தம் வேறு. வருத்தம் வந்தால் நாலு பேரிடம் சொல்லி அழுவோம். மனம் தளர்ந்தவள் சொல்லவே மாட்டாள்.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? 'தலைவலி', 'உடம்பு அசதி' என்பாள். 'நமக்கெல்லாம் இது எதுக்கு', 'எல்லாம் என் தலையெழுத்து' என்பாள். கூட்டத்துக்குப் பிந்தி வந்து கடைசியில் உட்காருவாள். தீர்மான நோட்டில் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போடுவாள். சிலர் சிடுசிடுவென்று எரிந்து விழுவார்கள். அதையும் நாம் திமிர் என்று நினைத்துவிடுகிறோம்.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஒரு உறுப்பினர் உள்கடன் வாங்கி மூன்று ஆடு வாங்கினார். மழைக்காலத்தில் நோய் வந்து மூன்றும் செத்துப் போயின. இரண்டு தவணை கட்டினார். அப்புறம் மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. குழு தலா பத்து ரூபாய் அபராதம் போட்டது. நானும் வழியில் பார்த்தபோது, "முடியாதுன்னா ஏங்க கடன் வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டேன். சமூகப்பணி படித்தவள் நான். கேட்டிருக்கக் கூடாது.

ஊக்குநர்தான் நோட்டு எதுவும் எடுக்காமல் ஒரு சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து அந்தம்மா சொன்னாராம்: "தவணை கூடக் கூலிக்குப் போயி கட்டிருவேன்க்கா. என் கையில எது குடுத்தாலும் நிக்காதுன்னு தோணுது. அதை எப்படிக் கூட்டத்துல வந்து சொல்றது?"

அடுத்த கூட்டத்தில் குழு தவணைக்கு அவகாசம் கொடுத்தது. அபராதத்தை ரத்து செய்தது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது கூட்டத்துக்கு வருகிறார். இன்னும் ஆடு வாங்கவில்லை. ஆனால் போன மாதம், 'ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி எப்ப போடுவாங்க?' என்று அவரே வாயைத் திறந்து கேட்டார். எனக்கு அது போதும்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கேலி பேசியவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். ஒருத்தி தனியாக ஓட்டியிருந்தால் அந்தப் பேச்சிலேயே இறங்கியிருப்பாள். கூட்டமாக ஓட்டினார்கள், நிலைத்தது. நம் குழுவும் அப்படித்தானே இருக்க வேண்டும்?

ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் வெறும் சோர்வு என்று விடாதீர்கள். அது மருந்தால் குணமாகும் நோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். 'செத்துப் போயிரலாம் போல இருக்கு' என்று ஒருத்தி சொன்னால் சும்மா சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள். அவளைத் தனியே விடாதீர்கள், உடனே உதவி தேடுங்கள். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

சகோதரிகளே, ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனி ஒரு உறுப்பினர் இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை என்றால், அபராதம் எழுதும் முன்னால் யாராவது ஒருத்தர் அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். 'ஏன் வரலை?' என்று கேட்க வேண்டாம். 'எப்படி இருக்கே?' என்று கேளுங்கள்.