கட்டற்ற மென்பொருளும் வயதுச் சோதனையும்: பெயர்கள் மறைப்பவை



1983-ஆம் ஆண்டு யூலை மாதம் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்ற காடையர் சிலரின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. தேர்தலுக்காகத் தொகுக்கப்பட்ட பெயர்ப் பட்டியல், எந்த வீட்டிற்குத் தீ வைப்பது என்பதைக் காட்டும் வழிகாட்டியாயிற்று. அப்பட்டியலைத் தொகுத்தவர்கள் அந்நோக்குடன் அதனைத் தொகுக்கவில்லை. ஸ்காபுறோவிலும் மார்க்கத்திலும் வாழும் பல குடும்பங்களுக்கு இது வெறும் வரலாற்றுப் பாடமன்று. அவர்கள் இந்நாட்டிற்கு வந்து சேர்ந்ததன் காரணமே அதுதான்.

அதே ஆண்டு செப்டெம்பரில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், குனு என்னும் இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அறிவித்தார். இரண்டு நிகழ்வுகளுக்கும் எவ்விதத் தொடர்புமில்லை. ஆயினும் இன்றைய வயதுச் சோதனை விவாதத்தில் இரண்டையும் ஒருசேர நினைக்க வேண்டியுள்ளது.

எவரும் பயன்படுத்தவும், மூலநிரலைப் படிக்கவும், மாற்றவும், பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருளையே ஸ்டால்மன் 'ஃபிரீ' என்றார். ஆங்கிலத்தில் அச்சொல் விலையின்மையையும் சுதந்திரத்தையும் ஒருங்கே குறிக்கும். இக்குழப்பத்தைத் தவிர்க்கவும், வணிக நிறுவனங்கள் மிரளாதிருக்கவும், 1998-இல் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயர் முன்வைக்கப்பட்டது. ஸ்டால்மன் அதனை ஏற்கவில்லை. அப்பெயர் செய்முறையைச் சொல்கிறது, உரிமையை மறைக்கிறது என்பது அவரது வாதம். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கருநிரலோடு குனுவின் கருவிகள் சேர்ந்தே முழு இயங்குதளம் ஆனமையால், அதனை 'குனு/லினக்ஸ்' என்றே அழைக்க வேண்டுமெனவும் அவர் வற்புறுத்தி வந்தார். பலருக்கு இது வெறும் பிடிவாதமாகத் தோன்றியது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு.

தமிழுக்கு இச்சிக்கல் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்றே அழைத்துக்கொள்கிறது. அதற்கு வித்திட்டோருள் முதன்மையானவரான இ. மயூரநாதனுக்கு, ரொறன்ரோவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை வழங்கிச் சிறப்பித்தது. இவ்வளவு தெளிவான சொல் கையிலிருந்தும், பெரும்பாலான வீடுகளில் வழங்குவது 'இலவச மென்பொருள்' என்ற பெயரே. விலையின்றித் தந்துவிட்டுப் பிள்ளையின் ஒவ்வோர் அசைவையும் பதிவுசெய்யும் செயலியும் இலவசம். மூலநிரலைத் திறந்து காட்டும் மென்பொருளும் இலவசம். பெயர் ஒன்றானதும், கேட்க வேண்டிய கேள்வி மறைந்துவிடுகிறது.

'வயதுச் சோதனை' என்ற பெயரும் இத்தகையதே.

கனடாவில் ஆபாசத் தளங்களுக்கு இச்சோதனையைக் கட்டாயமாக்க செனற்றர் யூலி மிவில்-டெஷேன் கொண்டுவந்த எஸ்-210 சட்டமூலம், 2023 ஏப்ரலில் செனற் சபையில் நிறைவேறியது. 2025 சனவரியில் நாடாளுமன்ற அமர்வு முடித்துவைக்கப்பட்டபோது காலாவதியாகி, அவ்வாண்டு மே மாதம் எஸ்-209 ஆக மீண்டும் முன்வைக்கப்பட்டது. அதன் நோக்கத்தைக் குறைகூற முடியாது. இரண்டு வேலை செய்யும் தாய் ஒருவர், பத்து வயது மகனின் அருகில் நாள் முழுதும் அமர்ந்திருக்க இயலாது. தனியுரிமை என்ற ஒற்றைச் சொல்லால் அவருக்கு விடையளிக்க முற்படும் இளையோர், அவரது அச்சத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் சோதிக்கப்படுவது வயதா என்பதே கேள்வி. மதுக்கடையில் பணியாளர் அட்டையைப் பார்க்கிறார், திருப்பித் தருகிறார், சற்று நேரத்தில் மறந்தும் விடுகிறார். இணையத்தில் அட்டையின் படமோ முகத்தின் படமோ வேறொரு கணினிக்குச் செல்கிறது. அக்கணினிக்கு மறதி இயல்பன்று. 2025 ஒக்டோபரில் டிஸ்கோர்ட் நிறுவனம், தனது வெளிச் சேவையாளர் ஒருவரிடம் நிகழ்ந்த ஊடுருவலில் சுமார் 70,000 பயனர்களின் அரச அடையாள அட்டைப் படங்கள் வெளியாகியிருக்கலாம் என அறிவித்தது. வயது குறித்த மேன்முறையீடுகளுக்காகப் பயனர்கள் தாமே அனுப்பிய படங்கள் அவை. இதற்கு உரிய பெயர் அடையாளச் சோதனை என்பதாகும். அவ்வாறு அழைத்தால், யார் கேட்கிறார், எங்கே வைக்கிறார், எப்போது அழிக்கிறார் என்ற கேள்விகள் தாமாகவே எழும்.

சோதனை முடிந்ததும் தகவலை அழிக்க வேண்டுமெனக் கனேடியச் சட்டமூலமும் கூறுகிறது. அழித்தார்களா என்பதை எவ்வாறு அறிவது? கட்டற்ற மென்பொருளின் தேவை இங்கேதான் எழுகிறது. ஐரோப்பிய ஆணையம் 2025 யூலையில் வெளியிட்ட வயதுச் சோதனைச் செயலியின் முன்வடிவம், மூலநிரலுடன் பொதுவில் வைக்கப்பட்டது. பெயரையோ பிறந்த நாளையோ தளத்திற்குச் சொல்லாமல், உரிய வயதைக் கடந்தவர் என்பதை மட்டும் உறுதிசெய்வது அதன் நோக்கம். எனினும் ஒன்றை மறைக்கலாகாது. வெளியிடப்பட்ட நிரலும் தொலைவிலுள்ள வழங்கியில் ஓடும் நிரலும் ஒன்றேயென நிரலைப் படிப்பதால் மட்டும் நிறுவ முடியாது. ஆகவே அட்டை கைப்பேசியை விட்டு வெளியே செல்லாத முறையே பாதுகாப்பானது.

கலிபோர்னியா வேறொரு வழியைத் தேர்ந்துள்ளது. அங்கு 2025 ஒக்டோபரில் ஒப்பமிடப்பட்ட சட்டத்தின்படி, 2027 சனவரி முதல், கணக்கு அமைக்கும்போது இயங்குதளமே வயதைக் கேட்டு, செயலிகளுக்கு வயதுப் பிரிவை மட்டும் தெரிவிக்க வேண்டும். அடையாள அட்டை தேவையில்லை. பெற்றோர் சொல்வதே போதும். ஆயினும் டெபியன் போன்று தன்னார்வலர் உருவாக்கும் இயங்குதளத்தில் இக்கடமை யாரைச் சாரும் என்ற கேள்வி எழுந்துள்ளது. அதே டெபியனை ரொறன்ரோ மாணவரும் தரவிறக்குகிறார்.

எஸ்-209 பற்றித் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுத விரும்பும் பெற்றோர், அட்டையின் படம் எவருடைய கணினியில் தங்கும் என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டாலும் போதும். ஒட்டாவாவிலுள்ள பொதுச்சபை முகவரிக்கு அனுப்பும் கடிதத்திற்கு முத்திரை ஒட்ட வேண்டியதில்லை. அது உண்மையாகவே இலவசம்.