சொல்லி எடுத்த படம், சொல்லாமல் எடுத்த படம்



பல வீட்டுச் சுவர்களில் பழைய போட்டோ ஒன்று தொங்கும். தாத்தா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் நிற்பார். சிரிப்பே இருக்காது. ஏன்?

போட்டோ வந்த புதிதில் படம் பதியப் பல விநாடிகள் ஆயின. அசைந்தால் முகம் கலங்கிவிடும். அதனால் ஆடாமல் அசையாமல் இருந்தார்கள். அந்தப் பழக்கம் பின்னாலும் நிலைத்தது.

ஆனாலும் மக்கள் அதை விரும்பினார்கள். நல்ல சேலை உடுத்தி, தலை வாரி, ‘எங்களை இப்படிப் பாருங்கள்’ என்று அவர்களே சொன்ன படம் அது. 1892ல் ஐதராபாத்தில் லாலா தீன் தயாள் பெண்களுக்கென்றே ஒரு ஸ்டூடியோ திறந்தார். திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களும் அங்கே படம் எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. குஜராத்தில் 1913ல் பிறந்தவர் ஹோமாய் வியாரவாலா. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் போட்டோகிராபர். காத்திருந்து, உரிய நொடியில் எடுப்பார். விமான நிலையத்தில் நேரு தம் தங்கை விஜயலட்சுமி பண்டிட்டைக் கட்டி அணைத்தார். அந்தப் படத்தில் பிரதமர் தெரியவில்லை. ஓர் அண்ணன் தெரிகிறார். உள்ளதை உள்ளபடி காட்டுவதால் இதையும் மக்கள் விரும்புகிறார்கள்.

இன்று செல்போனில் யாரையும் எடுக்கலாம். அழுகிறவரை, குளிக்கிறவரை எடுப்பது சரியா? அது அவர் மானத்தைக் கெடுக்கும். சொல்லாமல் எடுத்தால், எடுத்ததும் அவரிடம் காட்டுங்கள். ‘வேண்டாம்’ என்றால் அழித்துவிடுங்கள். போன் உங்களுடையது. முகம் அவருடையது.